அடிக்குறிப்புள்ள பதாகை

மில்வாக்கி. ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
விடுதியின் இரண்டாம் தளத்தில்
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் கூடத்தில்
வரலாற்றாசிரியர்கள் தீர்மானம் போட்டோம்.
‘போர்’ என்று எழுதுவதா
‘ராணுவ நடவடிக்கை’ போதுமா
என்பதில் ஒன்றே முக்கால் மணி நேரம்.
பைசாந்தியம் படித்த ஒருவர்
ஒரு காற்புள்ளிக்காக மட்டும் எழுந்து பேசினார்.
தொண்ணூற்றெட்டுக்கு அறுபத்தொன்று.
நிறைவேறியது.
மேலிடக் குழு அதைப்
‘பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது.’
இருபது வருடம் கச்சேரிக் கடுதாசிகளில் புழங்கியவளுக்கு
அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியாதா?

எழுபத்தொரு வயது லோயிஸ் டிரெக்ஸ்லர்,
ரயில்வே வேலைநிறுத்தங்கள் அவள் துறை,
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டியபடி சொன்னாள்:
“சரி, தெரு இருக்கிறதே.”

இறங்கினோம். பழக்கமில்லாத கூட்டம்.
‘வரலாறு உங்களை மன்னிக்காது’ என்று ஒருவர் எழுத
“எத்தனை பேரை மன்னித்திருக்கிறது, பட்டியல் தரவா?”
என்றாள் பக்கத்திலிருந்தவள்.
அடித்துவிட்டு எழுதினார்கள்:
‘வரலாறு உங்களைப் பதிவு செய்யும்.’
அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி.
கீழே எறும்பெழுத்தில்:
‘கோப்புகளை நீங்கள் எரிக்காத பட்சத்தில்.’

சிவப்பு விளக்கில் நின்ற பேருந்தின் ஓட்டுநர்
கண்ணாடியை இறக்கி உடம்பை வளைத்து
அடிக்குறிப்பை வாசித்தார்.
பச்சை விழுந்தும் நகரவில்லை.
பின்னால் ஒரு லாரி அலறியது.
எங்களில் யார் எழுதிய அடிக்குறிப்பும்
அதுவரை போக்குவரத்தை நிறுத்தியதில்லை.

மைக்கை என்னிடம் நீட்டினார்கள்.
உங்கள் ஊரில் ஆயிரம் வருடம் முன்பே
குடத்தில் ஓலை போட்டுத் தேர்தலாமே, சொல்லுங்கள்.
சொன்னேன்.
உத்திரமேரூர்க் கல்லில் இருக்கிறது.
காணி உள்ளவன், சொந்த மனையில் வீடு கட்டியவன்,
வேதம் கற்றவன் பெயர்தான் குடத்துக்குள் போகும்.
என் பெயர் போகாது.
நான் ஆராயும் உப்பளங்களில்
கூடை சுமந்த எவள் பெயரும் போகாது.
ஆனாலும் அதில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும்:
வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன்
மறுபடி வரக் கூடாது.
அவன் மாமன் மச்சானும் கூடாது.

கைதட்டினார்கள்.
கையுறைகள் மோதி, தலையணை அடிப்பது போல ஒரு சத்தம்.

இரண்டாயிரத்து ஒன்பது, மே.
என் வகுப்பு ஜெயரூபி ஒரு தாளோடு வந்தாள்.
போரை நிறுத்தச் சொல்லிப் பேராசிரியர்களின் கையெழுத்து.
அந்தக் கடற்கரையில் அடைபட்டவர்கள் எத்தனை பேர்
என்பதற்கு அதில் இரண்டு எண்கள் இருந்தன.
பென்சிலைக் கீழே வைக்காமலே சொன்னேன்:
“மூலச் சான்று போதாது, கண்ணு.”
அந்தக் ‘கண்ணு’ இப்போதும் கூசுகிறது.
அவள் தாளை நான்காக மடித்தாள்.
ஜன்னல் பக்கம் பார்த்தாள். போய்விட்டாள்.
நான் மரக்காணம் அளத்தில்
ஒரு நூற்றாண்டுக்கு முன்பு விளைந்தது
எத்தனை கரிசை உப்பு என்று
விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
அந்த எண் சரிதான்.
இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

இதை மைக்கில் சொல்லவில்லை.
மைக்கை லோயிஸிடம் கொடுத்துவிட்டேன்.
அவளுக்குக் குரல் கட்டியிருந்தது, ஆனாலும் பேசினாள்,
பாதி காற்றில் போனது.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
ஒரு காவலர் எங்களை எண்ணி
நாற்பது என்று குறித்துக்கொண்டார்.
மாணவன் பாவ் ஷியோங் எண்ணியதில் நாற்பத்து மூன்று.
அவன் நாயையும் சேர்த்திருக்கலாம்.
ஆவணங்களில் கூட்டத்தின் எண்ணிக்கை வந்தாலே
யார் எண்ணியது, எங்கே நின்று எண்ணினான்
என்று ஓரத்தில் கேட்டு எழுதுகிறவள் நான்.

பதாகையைத் திருப்பி
முழங்காலில் வைத்துக்கொண்டேன்.
மை உறைந்திருந்தது. பென்சில் எழுதியது.
தேதி. தெருவின் பெயர். குளிர்.
நாற்பது அல்லது நாற்பத்து மூன்று.
எது சரி எனத் தெரியவில்லை.

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.